கரண்ட் வந்ததும் இரண்டு விநாடி

நான்காம் எண்தான். மீட்டரின் முனைகளை எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தேன். ஒன்று புள்ளி நான்கு. முதலில் பார்த்தபோதும் அதுதான். ஒரு பேட்டரிக்குள் இருக்கும் தடை எவ்வளவு குறைவோ அவ்வளவு தாராளமாக அது மின்சாரத்தைக் கொடுக்கும், வளைவு முடிந்து ரிமோட்டின் விசையை இழுக்கும்போது அந்த முழ நீளப் பொம்மைக் கார் தயங்காது, யோசிக்காது. மற்ற ஐந்தில் இரண்டு சுமார், இரண்டு கிழம், ஒன்றைத் தொட்ட உடனே ஒதுக்கிவிட்டேன். ஆறும் திருமூர்த்தியின் மகளுடைய கட்டிலில், பூப்போட்ட விரிப்பின் மேல் சோப்புக் கட்டிகளைப் போல வரிசையாகக் கிடக்கின்றன. ஒவ்வொன்றிலும் வெள்ளை டேப் ஒட்டித் தன் கையால் எண் எழுதியிருக்கிறான், வாங்கிய தேதி எழுதியிருக்கிறான். நான்கை அவன் எழுதும் விதம் தனி, மேலே மூடிவிடுவான், ஒன்பது மாதிரி இருக்கும். இதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். "கிளப்ல நாலு பேரும் ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்குங்ணா, மொதல்ல நீங்க எடுங்க, அவருக்கு நீங்கதான் நெருக்கம்" என்று சொல்லிவிட்டுக் கலாமணி சமையலறைக்குப் போனாள். வாசற்படியில் திரும்பி, "மேசை மேல இருக்கறது மட்டும் வேண்டாங்ணா" என்றாள். சரிம்மா என்றேன். அவள் புருஷன் திருமூர்த்தி செத்து எட்டு மாதம். செத்தவன் பொருளில் நல்லதாகப் பார்த்து எடுக்க நான் மீட்டர் கொண்டுவந்திருக்கிறேன். டவலில் சுற்றிப் பைக்குள் வைத்துத்தான் கொண்டுவந்தேன், அவள் தலை மறைந்த பிறகுதான் வெளியே எடுத்தேன். இருபது வருடமாகப் பம்பு கம்பெனியில் டெஸ்டிங் பார்க்கிறவன், பார்க்காமல் எடுக்க வராது. அப்படிச் சொல்லிக்கொள்ளலாம்.

இந்த அறையில் ஒரு வாசனை இருக்கிறது. பழுத்து ஒரு நாள் கூடிப்போன கொய்யாவின் வாசனை, அதற்குள் நகப்பூச்சு பாட்டிலைத் திறந்த மாதிரி ஒன்று. சிறுமியின் அறை, நகப்பூச்சு இருக்கும். ஒன்பது வயதுக்கு நகப்பூச்சு போடுவார்களா, போடுவார்கள், என் அக்கா மகள் நான்கு வயதிலேயே போட்டுக்கொண்டாள். ஆனால் எனக்கு இது வேறெங்கோ தெரிந்த வாசனை. எங்கே என்பதுதான் வரவில்லை, வருகிற மாதிரி வந்து நின்றுகொள்கிறது. ஒரு சத்தமும் இருக்கிறது. வந்ததிலிருந்து இருந்திருக்க வேண்டும், இப்போதுதான் காதில் படுகிறது. கண்ணாடிக் கதவில் சிக்கிய பூச்சி ஓயாமல் சிறகடிக்கிற மாதிரி ஒரே சீராக. மேசை மேலிருந்து வருகிறது. நான் மேசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறேன். ஏன் அப்படி உட்கார்ந்தேன். கட்டிலில் பேட்டரிகளைப் பரப்ப அதுதான் வசதி. வசதிதானா. திருமூர்த்தியின் சார்ஜர் அது, விசிறி வைத்த பழைய சார்ஜர், கரண்ட் இருக்கும்வரை அந்த விசிறி சுற்றும். மாற்றித் தொலைடா என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். "மயிலு, உன் பொண்டாட்டி கொறட்டையை மாத்தச் சொல்லி யாராச்சும் கேட்டாங்களா?" என்பான். என் மனைவிக்குக் குறட்டை கிடையாது. இருந்தாலும் கிளப்பில் ஷாகுலும் ஜெரால்டும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன்.

நாளைக்கு ரிமோட் கார் ரேஸ். திருமண மண்டபத்துக்குப் பின்னால் வண்டி நிறுத்துகிற சிமெண்ட் தரைதான் எங்கள் களம். முகூர்த்தம் இருந்தால் எங்களுக்கு இடம் கிடையாது. ஊரெல்லாம் நல்ல நாள் பார்த்தால் நாங்கள் நாள் இல்லாத நாளைப் பார்ப்போம், மார்கழியும் ஆடியும்தான் எங்களுக்குப் பருவம். மார்கழியில் திருமூர்த்தி செத்தான். இப்போது ஆடி. நடுவில் ஒரு ரேஸும் இல்லை, அதனால் அவன் இல்லாத ரேஸ் என்று ஒன்று இன்னும் நடக்கவில்லை. நாளைக்குத்தான் நடக்கப்போகிறது. அவன் காரின் முன்னால் என் கார் எப்போதும் இரண்டாவது. "உன் வண்டிக்கு ரேஷன் அரிசி போட்டு வளக்கறியா மயிலு, இப்படி மூச்சு வாங்குது" என்பான் மைக் பிடித்த மாதிரி கையை வைத்துக்கொண்டு. நாளைக்கு அப்படிச் சொல்ல ஆள் இல்லை. நாளைக்கு நான்காம் எண்ணை என் காரில் போட்டு ஓட்டினால் நான் முதலில் வருவேன். அவனுடைய பேட்டரியால் வருவேன். அதை நினைத்தால் ஒரு சந்தோஷம் எழுந்து பாதியில் நின்றுகொள்கிறது. இல்லை, எடுத்துக்கொள்ளலாம். கொடுக்கிறார்கள், எடுக்கிறேன். நான்காம் எண்ணைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தபோது ஆடிக்காற்று ஜன்னலை அடித்துச் சாத்தியது. தலைக்கு மேல் மின்விசிறி தளர்ந்து தளர்ந்து நின்றது. மேசை மேல் இருந்த பூச்சியும் நின்றது.

அந்தச் சத்தம் நின்றபோதுதான் அது எவ்வளவு பெரிய சத்தம் என்று தெரிந்தது. வீடு முழுக்க அதுதான் நிறைந்திருந்திருக்கிறது. இப்போது காலியான இடத்தில் என் மூச்சு கேட்கிறது. கூடவே மேசையிலிருந்து இன்னொன்று, மிக மெல்ல, நகத்தால் பிளாஸ்டிக்கைச் சுண்டின மாதிரி ஒரு டிக். திரும்பவில்லை. காத்திருந்தேன். இன்னொரு டிக். அதற்குள் கலாமணி வந்துவிட்டாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி வேகமாக, ஆனால் அவசரம் இல்லாமல், அடுப்பில் பால் பொங்குவதைப் பார்க்க வருகிறவளைப் போல வந்தாள். என்னைத் தாண்டிப் போய் மேசைப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, சார்ஜரின் பொத்தான் மேல் ஆள்காட்டி விரலை வைத்துக்கொண்டாள். அழுத்தவில்லை, வைத்துக்கொண்டு மட்டும் இருந்தாள்.

"ஆடிக் காத்துங்ணா. காலைல இருந்து இது நாலாவது தடவை."

"என்னம்மா பண்றே?"

"கரண்ட் வந்ததும் ரெண்டு செகண்ட் அழுத்தோணும்ங்ணா. இல்லீன்னா அது அப்படியே நின்னு போயிரும், சார்ஜ் ஏறாது."

"யார் சொன்னாங்க?"

"அவருதான். அன்னைக்கு மத்தியானம் ஃபோன் பண்ணி, நாளைக்குக் காத்தாலே பிராக்டீஸ் இருக்குது, ஏழாம் நம்பரைப் போட்டு வையி, கரண்ட் போயிட்டு வந்தா பொத்தானை ரெண்டு செகண்ட் அழுத்து, நான் வந்துடறேன்னு சொன்னாரு." காலண்டரில் தேதி பார்த்துச் சொல்கிற குரலில் சொன்னாள். "அன்னைக்கே ரெண்டு தடவை போச்சு. அழுத்தினேன்."

அன்னைக்கே. அதற்குப் பிறகு எத்தனை தடவை போயிருக்கும். கேட்கக் கூடாது, கேட்டால் சொல்வாள். "மாசத்துக்கு ஒரு நாள் காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் பராமரிப்புன்னு நிறுத்துவானே, அன்னைக்கு?" என்று கேட்டுவிட்டேன். "அன்னைக்குக் கடைக்கு லீவு சொல்லிருவேன்" என்றாள். ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை அவளுக்கு. ராத்திரியில், என்றேன். "ராத்திரி சத்தம் நின்னா பாப்பாவே எழுந்திரிச்சுக்குவா. அவளுக்கு இந்தச் சத்தம் இல்லாமத் தூக்கம் வராது." விரல் பொத்தான் மேலேயே இருந்தது. நகத்தின் ஓரத்தில் மாவு காய்ந்திருந்தது. நாங்கள் இருவரும் எதற்கோ வரிசையில் நிற்பவர்களைப் போலச் சும்மா இருந்தோம். பிறகு எங்கோ கீழ் வீட்டில் டிவி கத்தியது, தலைக்கு மேல் விசிறி அசைந்தது, அவள் உதடு ஒன்று, ரெண்டு என்று அசைவதைப் பார்த்தேன். சார்ஜர் கீச்சென்றது. நீல விளக்கு. பூச்சி மறுபடி சிறகடிக்கத் தொடங்கியது. "காபி ஆறியிருக்கும், சுட வெச்சுத் தரேன்" என்று எழுந்து போனாள்.

இப்போது திரும்பிப் பார்த்தாக வேண்டும். பார்த்தேன். ஏழாம் எண். கறுப்புப் பிளாஸ்டிக் உறை நடுவில் வயிறு வைத்திருக்கிறது. மேல் மூடியும் கீழ் மூடியும் சேரும் இடம் விட்டுப்போய், ஒரு ரூபாய்க் காசு நுழைகிற இடைவெளி. அந்த இடைவெளிக்குள் வெள்ளித் தாள் தெரிகிறது, உறங்குகிறவனின் இமை முழுக்க மூடாமல் வெள்ளை தெரிகிற மாதிரி. சார்ஜரின் திரையில் எட்டு புள்ளி நான்கு வோல்ட், முழுசு, முடிந்தது என்று மின்னுகிறது. முடிந்துதான் எட்டு மாதம் ஆகிறது. லித்தியம் பேட்டரியை முழுசாக ஏற்றி ஒரு வாரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்று எங்களில் புதிதாகச் சேர்கிறவனுக்குக்கூட முதல் நாளே சொல்லிவிடுவோம், பாதிக்கு இறக்கித்தான் வைக்க வேண்டும். முழுசாக வைத்தால் உள்ளே புழுங்கும், காற்று சேரும், ஊதும். இதை மறுபடி மறுபடி ஏற்றியிருக்கிறாள். வாசனை எங்கே என்று வந்துவிட்டது. மண்டபத்துப் பின்புறம், போன வருடம், ஜெரால்டு சார்ஜரைப் பழைய வகை பேட்டரிக்கான முறையில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போனான். முதலில் இந்தக் கொய்யா வாசனை வந்தது, யாரோ பழம் கொண்டுவந்திருக்கிறார்கள் என்றுதான் நான் சுற்றிப் பார்த்தேன். பிறகு வெள்ளைப் புகை, அது எழும்பவில்லை, பால் மாதிரி மேசையிலிருந்து வழிந்தது, பத்து எண்ணுவதற்குள் ஆள் உயரத்துக்கு நெருப்பு. தண்ணீர் ஊற்றினோம், மணல் போட்டோம், அது எங்களைப் பொருட்படுத்தவில்லை, தானே முடித்துக்கொண்டு நின்றது. சிமெண்டில் கரி வட்டம். அடுத்த கல்யாணத்துக்கு அதன் மேல் வாழைமரத் தொட்டியை வைத்து மறைத்தார்கள். இங்கே மேசைக்கும் கட்டிலுக்கும் நடுவே என் கை நுழைகிற இடம்தான் இருக்கிறது. தலையணை மேசைக் காலைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. தலையணை உறையில் சிறுமியின் முடி ஒன்று, நீளமாக.

போய்விடலாம். நான்காம் எண் பையில் இருக்கிறது. வாசலில் வண்டி. காபியைக் குடித்துவிட்டு வரேம்மா என்று சொல்லிவிட்டுப் போனால் நாளைக்கு ரேஸ், திங்கட்கிழமை வேலை. எட்டு மாதம் ஒன்றும் ஆகவில்லையே, இன்றைக்கா ஆகப்போகிறது. இப்படி நினைக்கிற மனது என்னுடையதுதானா என்று பார்த்தேன், என்னுடையதுதான். சொல்லிவிடலாம். சொன்னால் என்ன ஆகும். இது தீப்பிடிக்கும் என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும், அந்த வாக்கியம் அவளுக்குள் போய் எட்டு மாதத்துக்குப் பின்னோக்கி நடக்கும், ஒவ்வொரு கரண்ட் கட்டாக நின்று நின்று பார்க்கும், ஒவ்வொரு ராத்திரியும் அந்தக் கட்டிலில் படுத்திருந்த குழந்தையைப் பார்க்கும். புருஷன் சொன்ன கடைசி வார்த்தையைக் காப்பாற்றினாள், அது இந்த வீட்டைக் கொளுத்தத் தயாராகிக்கொண்டிருந்தது என்று எப்படிச் சொல்வது. அவனுக்கு முதலில் ஃபோன் செய்தவன் நான். அன்றைக்கு இரண்டு மணிக்கு நான் கூப்பிட்டேன், ஏழாம் நம்பரை முழுசா ஏத்திக் கொண்டா, நாளைக்கு யார்னு பாத்துக்கலாம் என்றேன். அவன் சிரித்துக்கொண்டே வைத்தான், உடனே அவளைக் கூப்பிட்டிருக்கிறான். மூன்றே முக்காலுக்குக் கம்பெனி வாசல் டீக்கடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. என் வார்த்தை அவனுக்குள் போய், அவன் வார்த்தையாக அவளுக்குள் போய், அவள் விரலுக்குப் போய், இதோ வயிறு வைத்து உட்கார்ந்திருக்கிறது. டிக் என்றது. இந்தத் தடவை நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே.

கலாமணி காபியைக் கொண்டுவந்து வைத்தாள். "எது எடுத்தீங்ணா?"

பையைத் திறந்து நான்காம் எண்ணை எடுத்துக் கட்டிலில் பழைய இடத்தில் வைத்தேன். "எனக்கு ஏழாம் நம்பர் வேணும்மா."

"அது குடுக்கறதுக்கில்லீங்ணா. மொதல்லயே சொன்னேனில்ல?"

"ஆளுக்கு ஒண்ணுன்னு சொன்னே. நான் கேக்கற ஒண்ணு அது."

"அது அவருது."

"எல்லாமே அவனுதுதானே."

"மத்ததெல்லாம் அவர் வெச்சுட்டுப் போனது. இது அவர் கேட்டது." முகத்தில் கோபம் இல்லை, எனக்கு விளங்கவில்லையே என்ற பொறுமை இருந்தது. "நானும் பாத்துட்டுத்தான் இருக்கறேன். முழுசாயிருச்சுன்னு காட்டுது. எனக்குப் படிக்கத் தெரியாதுங்களா? ஆனா போடச் சொன்னாரு, அழுத்தச் சொன்னாரு. எடுக்கறதைப் பத்தி ஒண்ணும் சொல்லலீங்ணா."

அறை சின்னதாகிவிட்ட மாதிரி இருந்தது. சார்ஜரின் விசிறி அவள் பேசி முடித்த பிறகும் அதையே சொல்லிக்கொண்டிருந்தது. "கலா," என்றேன். முன்னால் எப்போதும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. "இது ஊதியிருக்கும்மா. வெடிச்சுத் தீப்பிடிக்கும். பாப்பா படுக்கிற இடம் இது." சொல்லிவிட்டேன், உடனே, "இன்னைக்குத்தான் ஊதியிருக்கு, இந்தக் காத்துல கரண்ட் அடிக்கடி போய்ப் போய் வந்ததுல" என்று ஒரு பொய்யையும் அதன் பின்னாலேயே அனுப்பினேன்.

அவள் கட்டிலைப் பார்த்தாள். தலையணையைப் பார்த்தாள். மெல்ல, "இன்னைக்கு இல்லீங்ணா" என்றாள். "சித்திரைலயே மேல வந்துருச்சு. பாப்பாவோட மேப் புஸ்தகத்தை வெச்சு அமுக்கிப் பாத்தேன். எடுத்தா மறுபடி வருது. வெயில்ல பிளாஸ்டிக் வளைஞ்சிருக்கும்னு நெனச்சேன்." நின்றாள். "அப்படி நெனைக்கலீங்ணா. என்னமோ உள்ள இருக்குதுன்னு நெனச்சேன்."

"போடச் சொன்னது அவன் இல்லம்மா," என்றேன். "நான்தான். அன்னைக்கு ரெண்டு மணிக்கு நான் ஃபோன் பண்ணி, ஏழாம் நம்பரை ஏத்திக் கொண்டான்னு சொன்னேன். அதைத்தான் அவன் உங்கிட்ட சொன்னான். அதனால எடுன்னும் நானே சொல்றேன்."

என் முகத்தைப் பார்த்தாள். எட்டு மாதமாக எங்கோ இருந்த ஓர் ஆளைக் கண்டுபிடித்துவிட்ட மாதிரி. திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "அப்ப நீங்களே எடுங்க" என்றாள். பிறகு, "இல்ல, நான் எடுக்கறேன்" என்றாள். வேண்டாம் என்று கையைத் தடுத்தேன். சுவிட்சை மட்டும் அவள் நிறுத்தினாள். விசிறி ஓய்ந்து, நீல விளக்கு ஒரு விநாடி தயங்கி அணைந்தது. அவள் சமையலறையிலிருந்து இரும்புச் சட்டியைக் கொண்டுவந்தாள். ஒயரைப் பிடுங்கி ஏழாம் எண்ணை இரு கையாலும் தூக்கினேன். வெதுவெதுப்பாக இருந்தது. காய்ச்சல் இல்லை, உயிருள்ள ஒன்றின் சாதாரணச் சூடு. உறைக்குள் ஏதோ என் விரலை நோக்கி மெத்தென்று தள்ளியது. சட்டியில் வைத்து மாடிப்படி ஏறினேன், பதினாறு படி, ஒவ்வொரு படியிலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு. அவள் பின்னால் கல்லுப்பு ஜாடியோடு வந்தாள். மொட்டை மாடியில் துணி துவைக்கிற வாளியில் தண்ணீர் பிடித்து, அவள் ஜாடியைக் கவிழ்த்துக் கையை முழங்கை வரைக்கும் விட்டுக் கலக்கினாள். உப்புத் தண்ணீரில் போட்டால் உள்ளே இருக்கிற மின்சாரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீருக்குப் போய்விடும் என்றேன். போட்டேன். மூழ்கி, அடியில் ஒருக்களித்து உட்கார்ந்தது.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு ஒயர் முனையிலிருந்து ஒரு குமிழி, மேலே வந்து உடைந்தது. அப்புறம் இரண்டு. அப்புறம் நூல் பிடித்த மாதிரி விடாமல் வரத் தொடங்கின. காற்று துணிக்கொடியை அசைத்தது. கீழே அந்த அறையில் இப்போது ஒரு சத்தமும் இருக்காது, ராத்திரி சிறுமி அதில் எப்படித் தூங்குவாள் என்று நினைத்தேன். அவளும் அதையே நினைத்திருக்கலாம். குனிந்து, முகம் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே இருக்க, குமிழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"எப்ப எடுக்கோணும்னு சொல்லுங்ணா" என்றாள், தலையைத் தூக்காமல். "நேரத்தைச் சொல்லிட்டுப் போங்க."

திங்கட்கிழமை, நான் வந்து எடுத்துக்கிறேன் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. பல்லால் கடித்து நிறுத்தினேன். திங்கட்கிழமை என்பது இரண்டு நாள் தள்ளி இருக்கிறது, நடுவே நாளைக்கு ரேஸ் இருக்கிறது, ரோடு இருக்கிறது, என் நெஞ்சு இருக்கிறது. நான் வராமல் போனால், இந்த வாளி, இந்தக் கைப்பிடிச் சுவர், இதன் பக்கத்தில் ஆடி போய் ஆவணி வந்து மழை வந்து, அவள் உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரிந்தது.

"திங்கட்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு நீயே எடுத்துரும்மா" என்றேன். "குமிழி வந்தாலும் வராட்டியும். நான் வந்தாலும் வராட்டியும்."

"அஞ்சு மணி" என்று திருப்பிச் சொன்னாள்.